செஸமி ஸ்ட்ரீட்டை எல்மோ கெடுத்துவிட்டதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அமெரிக்காவுக்கு வந்த பிறகு உங்கள் மூன்று வயது மகள் செஸமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சியைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறாள். அதில் வரும் எல்மோ பொம்மை என்றால் அவளுக்கு உயிர். ஆனால் உங்களோடு வேலை செய்யும் அமெரிக்கர்கள், "எங்கள் காலத்தில் அது எப்படிப்பட்ட நிகழ்ச்சி தெரியுமா, அந்தச் சிவப்புப் பொம்மை வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது" என்கிறார்கள். அது உண்மையா, இளமைக்கால ஏக்கமா, மகளுக்குப் பழையதைக் காட்டுவதா புதியதைக் காட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. நிகழ்ச்சியின் தரம் குறைந்துவிட்டதா என்பது ஒன்று. வளர்ந்துவிட்ட ரசிகர்கள் எதைப் பறிகொடுத்ததாக நினைக்கிறார்கள் என்பது இன்னொன்று. பின்னதற்கு விடை தெரிந்தால்தான் முன்னதை நியாயமாகப் பேச முடியும்.

நான் மழலையர் கல்வியில் பயிற்சி பெற்றவள். பல ஆண்டுகளாக மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். அவர்களுக்கான நிகழ்ச்சிகளைக் காட்சி காட்சியாகப் பிரித்து, எது ஏன் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துகிறது என்று இளம் ஆசிரியர்களுக்கு விளக்குவதும் என் வேலைதான். தொலைக்காட்சி வணிகம் என் துறை அல்ல. அந்தப் பக்கத்தில் ஊரறிந்த செய்திகளை மட்டுமே தொடுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். செஸமி ஸ்ட்ரீட் என்று ஒரே ஒரு நிகழ்ச்சி என்றுமே இருந்ததில்லை. 1969 நவம்பர் 10 அன்று ஒளிபரப்பாகத் தொடங்கியபோதே அது ஒரு சோதனை முயற்சியாகத்தான் அமைந்தது. ஜோன் கான்ஸ் கூனி என்ற தயாரிப்பாளரும், கார்னகி அறக்கட்டளையில் இருந்த லாயிட் மோரிசெட் என்ற உளவியலாளரும் 1966-இல் பேசத் தொடங்கிய யோசனை அது. பள்ளியில் சேரும் முன்பே ஏழைப் பிள்ளைகள் பின்தங்கிவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் வீட்டிலும் டிவி இருக்கிறது. பீர் விளம்பரப் பாட்டு முழுவதும் அவர்களுக்கு மனப்பாடம். அதே உத்தியைக் கொண்டு எழுத்தையும் எண்ணையும் சொல்லிக்கொடுத்தால் என்ன? இதற்காகக் கல்வியாளர்களும் நகைச்சுவை எழுத்தாளர்களும் ஜிம் ஹென்சனின் பொம்மலாட்டக் குழுவும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். கருப்பினத்தவரும் வெள்ளையரும் அண்டை வீட்டாராக வாழும் தெரு என்பதாலேயே 1970-இல் மிசிசிப்பி மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சிக் குழு அதை ஒளிபரப்ப மறுத்தது. எதிர்ப்பு கிளம்பவே சில வாரங்களில் அந்த முடிவு கைவிடப்பட்டது.

ஒளிபரப்புக்கு முன், 1969 ஜூலையில், ஐந்து மாதிரி நிகழ்ச்சிகளைப் பிலடெல்பியாவில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். மனிதர்களையும் பொம்மைகளையும் ஒரே காட்சியில் கலந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று உளவியலாளர்கள் சொல்லியிருந்ததால், தெருக் காட்சிகளில் மனிதர்கள் மட்டுமே இருந்தார்கள். பொம்மைகளும் கார்ட்டூனும் வரும்போது கண்கொட்டாமல் பார்த்த பிள்ளைகள், தெருக் காட்சி வந்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தயாரிப்பாளர்கள் நிபுணர்களின் அறிவுரையை ஒதுக்கிவிட்டு, தெருவில் மனிதர்களோடு நடமாட இரண்டு பாத்திரங்களை உருவாக்கச் சொன்னார்கள். இரண்டரை மீட்டர் உயர மஞ்சள் பறவை பிக் பேர்டும், குப்பைத் தொட்டியில் வாழும் சிடுமூஞ்சி ஆஸ்கரும் அப்படிப் பிறந்தவர்கள். முதல் ஆண்டில் ஆஸ்கர் ஆரஞ்சு நிறம். அடுத்த ஆண்டு பச்சை. இன்று 'மாறாத பழைய நிகழ்ச்சி' என்று ரசிகர்கள் போற்றுவதே, பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பார்த்து மாற்றப்பட்ட ஒன்றுதான்.

ஆகவே உங்கள் நண்பர்களிடம் அவர்கள் எந்த ஆண்டில் மூன்று வயதாக இருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அந்த ஆண்டுதான் அவர்களுக்குப் பொற்காலம். எழுபதுகளில் வளர்ந்தவர்களுக்குக் குறும்புக்கார எர்னி, பொறுமை இழக்கும் பெர்ட் என்ற இரண்டு பொம்மைகளும் வேண்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சின்னச் சின்னத் துண்டுகளாக ஓடும் அந்த வேகம் வேண்டும். எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தெருவில் வாழும் மனிதப் பாத்திரங்களான மரியா-லூயிஸ் இருவருக்கும் 1988-இல் நடந்த கல்யாணம் சொந்த வீட்டு விசேஷம். ஸ்நஃபி என்ற கம்பளி யானையைப் போன்ற உருவம் வெகுகாலம் பிக் பேர்ட் கண்ணுக்கு மட்டுமே தெரியும். பெரியவர்கள் வரும் நேரத்தில் எப்படியோ நழுவிப்போய்விடும். 1985 நவம்பரில்தான் பெரியவர்கள் அதை நேரில் பார்த்தார்கள். அந்தப் புதிர் உடைந்துபோனதை மன்னிக்காத ரசிகர்கள் இன்றும் உண்டு. ஆனால் அந்த முடிவுக்குப் பின்னால் கனமான காரணம் இருந்தது. பிள்ளைகள் மீதான பாலியல் கொடுமைகள் பற்றிய செய்திகள் அப்போது வெளிவந்துகொண்டிருந்தன. உண்மையைச் சொன்னாலும் பெரியவர்கள் நம்பமாட்டார்கள் என்ற பாடம் பிள்ளைகளுக்குப் போகிறதே என்று குழு கவலைப்பட்டது. என்னைக் கேட்டால் அந்த ஒரு முடிவுக்காகவே அவர்களை வணங்கலாம்.

சரி, ஏக்கம் ஒருபுறம் இருக்கட்டும். ரசிகர்கள் நிஜமாகவே எதை இழந்தார்கள்? என் கணிப்பில், சோபாவில் பிள்ளைக்குப் பக்கத்தில் தங்களுக்கென்று இருந்த இடத்தை இழந்தார்கள். தாயோ தகப்பனோ கூட உட்கார்ந்து பார்த்தால் பிள்ளை அதிகம் கற்றுக்கொள்ளும் என்பது தொடக்கத்திலிருந்தே கூனியின் குழு பிடித்துக்கொண்ட கொள்கை. அதனால் ஒவ்வொரு காட்சியும் இரண்டு பேருக்காக எழுதப்பட்டது. குக்கி மான்ஸ்டர் பட்டு அங்கியும் புகைக்குழாயுமாக நாற்காலியில் சாய்ந்து, பெரியவர்களுக்கான நாடகத் தொடர் ஒன்றின் கண்ணியமான தொகுப்பாளரைப் போலப் பேசும். பிள்ளைக்கு அது பிஸ்கட் தின்னும் நீலப் பொம்மை; தகப்பனுக்கு, நேற்றிரவு தான் பார்த்த தொடரின் கேலி. இருவரும் வெவ்வேறு காரணத்துக்காக ஒரே நேரத்தில் சிரிப்பார்கள்.

அந்த எழுத்தின் உச்சம் என்று நான் வகுப்பில் போட்டுக் காட்டுவது ஹூப்பர் தாத்தாவின் மரணத்தைச் சொல்லும் பகுதி. மூலைக்கடை வைத்திருக்கும் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் காலமானார். பாத்திரத்தை வேறொருவருக்குக் கொடுத்திருக்கலாம். ஓய்வு பெற்று வெளியூர் போய்விட்டார் என்று சொல்லியிருக்கலாம். இறந்துவிட்டார் என்றே சொல்ல முடிவெடுத்தார்கள். நன்றியறிதல் பண்டிகையன்று குடும்பங்கள் வீட்டில் சேர்ந்திருக்கும் என்று 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பினார்கள். காட்சி இதுதான். பிக் பேர்ட் தெருவில் உள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரையும் படம் வரைந்து கொண்டுவந்து கொடுக்கிறது. எல்லோரும் வாங்கிப் பார்த்து மகிழ்கிறார்கள். கையில் ஒரு படம் மிச்சம். அது ஹூப்பருடையது. அவர் எங்கே, கொடுக்க வேண்டும் என்கிறது. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அவர் இறந்துவிட்டார் என்று முன்பே சொன்னோமே, நினைவில்லையா என்று மரியா கேட்கிறாள். நினைவிருக்கிறது, சரி, அவர் திரும்பி வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது பறவை. இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று சூசன் என்ற இன்னொரு பெண் சொல்லும் இடத்தில்தான் அதற்கு விஷயம் பிடிபடுகிறது. இனி யார் எனக்குப் பறவைத் தீனி கலந்து கொடுப்பார்கள், யார் கதை சொல்வார்கள் என்று கேட்கிறது. ஏன் இப்படி நடக்க வேண்டும் என்று கோபப்படுகிறது. தெருவாசிகளில் ஒருவரான கோர்டன் சொல்வது, அது அப்படித்தான் என்ற அளவில் ஒரே ஒரு பதில். நோய், ஆஸ்பத்திரி, முதுமை என்று எந்தக் காரணமும் சொல்லப்படவில்லை. நாளை அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் பிள்ளை நடுங்கக் கூடாது அல்லவா? அந்தப் படங்களை வரைந்தவர் பிக் பேர்டுக்குள் இருந்த கேரோல் ஸ்பின்னியேதான். அந்தக் காட்சியைப் பார்க்கும்போது நாற்பது வருடம் கழித்தும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. உங்கள் நண்பர்கள் "எங்கள் காலத்தில்" என்று சொல்லும்போது, அவர்கள் நெஞ்சில் இருப்பது இதுபோன்ற ஒரு காட்சியாக இருக்கலாம்.

இனி எல்மோவுக்கு வருகிறேன். அந்தப் பொம்மை 1980 வாக்கிலேயே கூட்டத்தில் ஒன்றாக அங்கே இருந்தது. ரிச்சர்ட் ஹன்ட் என்ற கலைஞர் அதைக் கரகரத்த குரலில் ஆட்டினார். அவருக்கு அது பிடிக்கவில்லை. எண்பதுகளின் நடுவில் அது கெவின் கிளாஷ் கைக்குப் போனது. அவர் அதற்கு மூன்றரை வயதுக் குழந்தையின் கீச்சுக் குரலும், யாரைக் கண்டாலும் கட்டிக்கொள்ளும் மனமும் கொடுத்தார். 1996 கிறிஸ்துமஸில், தொட்டால் சிரிக்கும் எல்மோ பொம்மைக்காகக் கடைகளில் தள்ளுமுள்ளு. 1998-இல் ஒரு மணி நேர நிகழ்ச்சியின் கடைசிப் பகுதி முழுக்க எல்மோவுக்கு ஒதுக்கப்பட்டது. பழைய ரசிகர்களின் கோபம் அங்கேதான் மூண்டது. பொம்மை விற்பதற்காக நிகழ்ச்சியை எல்மோவிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

விற்பனை உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதுவே முழுக் காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. பார்ப்பவர்களின் வயது இறங்கிவிட்டது. தொடக்கத்தில் மூன்று முதல் ஐந்து வயதுக்கு எழுதப்பட்டதை, தொண்ணூறுகளில் இரண்டு வயதுப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களால் ஒரு மணி நேரம் தாங்க முடியவில்லை. கடைசிப் பகுதியில் கவனம் சிதறியது. அதே நேரத்தில், ஒரே கதையை மெதுவாகவும் திரும்பத் திரும்பவும் சொல்லும் வேறு நிகழ்ச்சிகள் சின்னஞ்சிறுசுகளைக் கட்டிப்போட்டன. அந்த இடத்தை நிரப்பத்தான் எல்மோவின் பகுதி வந்தது. அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கிரேயானால் கிறுக்கியது போன்ற ஓர் அறை, ஒரு தங்கமீன், தினமும் ஒரே வரிசை. நூடுல் என்ற பெரிய மனிதர் சன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து தொப்பியையோ செருப்பையோ தப்புத் தப்பாக மாட்டுவார். அப்படி இல்லை, இப்படி என்று பிள்ளைகளின் குரல் அவரைத் திருத்தும். நாள் முழுவதும் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும் இரண்டரை வயதுக் குழந்தைக்கு, ஒரு பெரியவரைத் தான் திருத்துவது எவ்வளவு பெரிய காரியம்! இதை எழுதியவர்களுக்குக் குழந்தையைத் தெரியும். எல்மோ தன் பெயரைச் சொல்லியே பேசுவதால் பிள்ளைகளின் மொழி கெடும் என்று சிலர் சொல்வதுண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளும் "பாப்பாவுக்குப் பால் வேண்டும்" என்றுதான் தொடங்குகிறார்கள். வளர வளரத் தானாக மாறிவிடுகிறது. இதில் பயப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் எல்மோவின் பகுதியில் பெரியவர் சிரிக்க அதிகம் இல்லை. அது ஒருவருக்காக மட்டும் எழுதப்பட்டது. 2002-இல் மொத்த நிகழ்ச்சியும் நிலையான பகுதிகளாக அடுக்கப்பட்டபோது, தெருவில் பெரியவர்கள் சும்மா பேசிக்கொண்டிருக்கும் நேரம் இன்னும் சுருங்கியது. ரசிகர்கள் இழந்தது உண்மையான இழப்புதான். குற்றவாளி என்று எல்மோவைப் பிடிப்பதுதான் தவறு.

குரல் மாறிவிட்டது என்ற புகாரில் எனக்கு இரு தரப்பின் மீதும் அனுதாபம் உண்டு. எர்னிக்குக் குரல் கொடுத்த ஜிம் ஹென்சன் 1990-இல் திடீரென்று இறந்தார். எர்னியின் குரல் அன்றைக்கே பாதி போய்விட்டது என்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த வேலை எத்தகையது என்று பாருங்கள். பிக் பேர்டுக்குள் இருப்பவரின் வலது கை தலைக்கு மேலே நீட்டியபடியே இருக்கும். அந்தக் கைதான் பறவையின் தலை. சுண்டுவிரல் கண்ணிமையை அசைக்கும். இடது கை இடது இறக்கைக்குள். வலது இறக்கை ஒரு தூண்டில் நரம்பால் கட்டப்பட்டு, இடது கை ஏறினால் தான் இறங்கும். வெளியே எதுவும் தெரியாது. மார்பில் கட்டிய சின்ன டிவியைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். ஸ்பின்னி 1969-இலிருந்து எண்பது வயதைத் தொடும் வரை இதைச் செய்தார். 2015-க்குப் பிறகு குரல் மட்டும் கொடுத்து, 2018-இல் ஓய்வு பெற்று, அடுத்த ஆண்டு காலமானார். அவரிடம் வெகுகாலம் பயின்ற மாட் வோகல்தான் இன்று அந்த உடைக்குள் இருக்கிறார். குரலில் நூலிழை வித்தியாசம் உண்டு. ஆனால் அந்தப் பறவை இன்னும் ஆறு வயதுக் குழந்தையாகவே நிற்கிறது என்றால், ஒருவர் மற்றொருவருக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்ததால்தான்.

குக்கி மான்ஸ்டரைக் காய்கறி தின்ன வைத்துவிட்டார்கள் என்று உங்கள் நண்பர்கள் சொன்னால் நம்பாதீர்கள். 2005 வாக்கில் பிள்ளைகளின் உணவுப் பழக்கம் பற்றிப் பேசத் தொடங்கியபோது, பிஸ்கட் எப்போதாவது தின்பது என்று ஒரு பாட்டு வந்தது. அதிலிருந்து கிளம்பிய வதந்தி அது. அந்த நீலப் பொம்மை இன்றும் பிஸ்கட்டைத் தூள் தூளாக்கித்தான் தின்கிறது.

ரசிகர்களின் கோபத்தில் முழு நியாயமும் இருந்த இடம் 2016. பொது ஒளிபரப்பிலிருந்து நிகழ்ச்சிக்குக் கிடைத்தது செலவில் சிறு பங்குதான். மீதியைக் கொடுத்துவந்த டிவிடி போன்ற வருமானம் சரிந்துவிட்டது. அதனால் புதிய பகுதிகள் முதலில் கட்டணம் கட்டிப் பார்க்கும் எச்பிஓ என்ற சேனலுக்குப் போயின. ஒன்பது மாதம் கழித்துத்தான் பிபிஎஸ் என்ற பொதுத் தொலைக்காட்சியில் இலவசமாக வந்தன. நேரமும் அரை மணியாகக் குறைந்தது. நிகழ்ச்சி நின்றுபோவதைவிட இது மேல் என்று தயாரிப்பாளர்கள் சொன்னதில் உண்மை இருக்கலாம். ஆனால் ஏழைப் பிள்ளைகள் பின்தங்கக் கூடாது என்று தொடங்கிய ஒன்றை ஏழைப் பிள்ளைகள் தாமதமாகப் பார்ப்பது என்ன நியாயம்? அதே ஆண்டில் பாப், லூயிஸ், கோர்டன் என்று பல பத்தாண்டுகள் அந்தத் தெருவில் வாழ்ந்த மூவருக்கு இனி வழக்கமான இடம் இல்லை என்பது தெரியவந்தது. பாப் மெக்ராத் முதல் நாளிலிருந்து இருந்தவர். ஒரு தெருவிலிருந்து தாத்தா, மாமாக்களை எடுத்துவிட்டால் அது தெருவாக இருக்குமா? என் துறையின் பார்வையிலும் இது இழப்புதான். பிள்ளைகளோடு மரியாதையாகப் பேசும் முதியவர்களைத் திரையில் காண்பது அரிது. 2025-இல் நெட்ஃபிளிக்ஸோடு செய்த ஒப்பந்தத்தில், அதே நாளில் பிபிஎஸ்ஸிலும் வரும் என்று ஆனது. தாமதம் என்ற அநியாயமாவது தீர்ந்தது.

இனி, இந்த நிகழ்ச்சி எதையாவது கற்றுக்கொடுக்கிறதா என்பதில் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்கிறேன். எழுத்தும் எண்ணும் அறிந்துகொள்ள உதவுகிறது என்பது பல நாடுகளில், பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. அதை நான் தயக்கமின்றிச் சொல்வேன். மெலிசா கியர்னி, பிலிப் லெவின் என்ற இரு பொருளியலாளர்கள், ஆரம்ப ஆண்டுகளில் அலைவரிசை நன்றாகக் கிடைத்த ஊர்களையும் கிடைக்காத ஊர்களையும் ஒப்பிட்டார்கள். நன்றாகக் கிடைத்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் இருந்தது அதிகம். ஆனால் வளர்ந்த பிறகு படிப்பிலும் சம்பளத்திலும் அந்தப் பலன் நீடித்ததா என்பதற்கு அவர்களுக்கே தெளிவான விடை கிடைக்கவில்லை. பணக்காரப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் இடையிலான தூரத்தை அது குறைத்ததா என்பதில் 1975-இலிருந்தே ஆய்வாளர்களுக்குள் சண்டை. பழைய வடிவம் மேலா, எல்மோ கால வடிவம் மேலா என்பதற்கு இந்த ஆய்வுகளை யாராவது சாட்சிக்கு இழுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவை அதை அளக்கவில்லை.

உங்கள் மகளுக்கு வருவோம். தினசரிக்குப் புதிய அரை மணிப் பகுதிகளே போதும். அவள் வயதுக்கு அவை பொருத்தமாக எழுதப்பட்டவை. எல்மோவைப் பார்த்துச் சிரிக்கட்டும், தடுக்காதீர்கள். பழையதை வாரத்தில் ஒருநாள், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எர்னி-பெர்ட் துண்டுகளில் தொடங்கலாம். ஆரம்ப ஆண்டுகளின் தொகுப்பு 2006-இல் டிவிடியாக வந்தபோது, இது பெரியவர்களுக்கானது, இன்றைய மழலையருக்குப் பொருந்தாமல் போகலாம் என்ற எச்சரிக்கையோடுதான் வந்தது. முதல் பகுதியில் ஊருக்குப் புதிதாக வந்த ஒரு சிறுமியைக் கோர்டன் கைப்பிடித்துத் தெருவைச் சுற்றிக் காட்டுவார். இன்று முன்பின் தெரியாத மனிதரோடு நடக்கப் பிள்ளைகளைப் பழக்கமாட்டோம் அல்லவா? அதுபோன்ற இடங்களில் நீங்கள் உடனிருந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஹூப்பர் பகுதியை மட்டும் இப்போது காட்ட வேண்டாம். நாலரை, ஐந்து வயதாகட்டும். வீட்டில் அதற்குள் ஒரு சாவு நேர்ந்துவிட்டால், முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துக்கொண்டு, பிறகு மடியில் வைத்துக் காட்டுங்கள். எங்கே போனார், எப்போது வருவார் என்று அவள் கேட்டால், மரியாவும் சூசனும் சொன்னதையே சொல்லுங்கள்: இறந்துவிட்டார், திரும்பி வரமாட்டார். தூங்குகிறார் என்றோ ஊருக்குப் போயிருக்கிறார் என்றோ சொல்லாதீர்கள். தூங்கப் பயப்படும் பிள்ளைகளையும், வாசலில் காத்திருக்கும் பிள்ளைகளையும் நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.